பெட்டிக் கேமராவும் பதிமூன்று வருடப் பொறுமையும்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வசூல் எல்லாம் பேசி முடித்து நோட்டை மூடிய பிறகு, பிள்ளைகளைப் பற்றிய பேச்சு தானாக வந்துவிடுகிறது. சமீப காலமாக நாங்கள் போகிற பல கூட்டங்களில் கேட்கிற பேச்சு இது: "எந்நேரமும் செல்போனை வச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டே இருக்குது. ஆட்டுக்குட்டியை எடுக்குது, வாசக் கோலத்தை எடுக்குது, அப்பத்தா வெத்தலை இடிக்கிறதை எடுக்குது. இப்ப கேமரா வேணும்னு அடம் பிடிக்குது. என்ன செய்யறதுன்னே தெரியலை."

சில அம்மாக்கள் திட்டி நிறுத்திவிடுகிறார்கள். சிலர், பிள்ளை ஆசைப்படுதே என்று உடனே குழுவில் கடன் கேட்கிறார்கள். இரண்டிலும் அவசரம் இருக்கிறது. திட்டி நிறுத்தினால் நாளைக்குச் சோறு போடக்கூடிய ஒரு திறமை முளையிலேயே கருகிப் போகலாம். கடன் வாங்கிக் கொடுத்தால், ஆறு மாதத்தில் ஆசை தீர்ந்து கேமரா பீரோவில் தூங்கும், தவணை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? இதற்கு நல்ல பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் நம் ஊர்க்காரர் இல்லை, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர். ஆனால் கதையைக் கேட்டால் நம் பக்கத்துத் தெருவில் நடந்தது போலத்தான் இருக்கும்.

யார் இவர்?

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்று ஒரு நாடு. (மாலத்தீவு வேறு, இது வேறு.) வெயிலும் புழுதியும் நிறைந்த நாடு. அதன் தலைநகரம் பமாக்கோ. அங்கே 1921-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் செய்டு கெய்ட்டா. அப்போது அந்த நாடு பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. 1960-இல்தான் விடுதலை பெற்றது.

கெய்ட்டாவின் அப்பாவும் சித்தப்பாவும் தச்சு வேலை செய்பவர்கள். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். பள்ளிக்கூடம் போகவில்லை. சிறு வயதிலேயே உளியும் இழைப்புளியும் கையில் எடுத்துவிட்டார்.

1935-இல் சித்தப்பா பக்கத்து நாடான செனகலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அண்ணன் மகனுக்கு ஒரு சாமான் கொண்டு வந்தார். கோடாக் கம்பெனியின் 'பிரவுனி' என்ற சின்னப் பெட்டிக் கேமரா. ஒரு பிலிம் ரோல் போட்டால் எட்டுப் படம் எடுக்கலாம். அப்போது கெய்ட்டாவுக்குப் பதினான்கு வயது இருக்கும்.

இந்தக் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1900-இல் அமெரிக்காவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஒரே ஒரு டாலர். சின்னப் பிள்ளைகள்கூட வாங்கட்டும் என்றே செய்யப்பட்டது. ஒரு பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடி, பக்கத்தில் ஒரு விசை, அவ்வளவுதான். தூரத்தைச் சரிசெய்யத் திருகு கிடையாது, வெளிச்சத்தை அளக்கக் கருவி கிடையாது. விசையைத் தட்டினால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தடுப்பு கண் இமைக்கும் நேரம் திறந்து மூடும். அந்த நேரத்தில் உள்ளே விழுகிற வெளிச்சம்தான் படம்.

ஆரம்பத்தில் படம் ஏன் கெட்டது?

கெய்ட்டா வீட்டு ஆட்களையும் அக்கம்பக்கத்து ஆட்களையும் நிறுத்தி எடுத்தார். முதலில் எடுத்தவை சரியாக வரவில்லை. எடுக்கும்போது இவர் அசைந்துவிடுவார், இல்லையென்றால் எதிரே நிற்பவர் அசைந்துவிடுவார்.

அசைந்தால் ஏன் கெட்டுப் போகிறது? ஈரமாகப் பூசிய திண்ணையில் உள்ளங்கையை வைத்து எடுத்தால் அச்சு அப்படியே விழும். கையை இழுத்துவிட்டால்? வெறும் கோடுதான் விழும். படமும் அப்படித்தான். தடுப்பு திறந்திருக்கிற அந்த நேரத்தில் முகத்தின் வெளிச்சம் ஒரே இடத்தில் விழ வேண்டும். வெளிச்சம் குறைந்த இடமென்றால் தடுப்பு அதிக நேரம் திறந்திருக்க வேண்டும், அசைவதற்கும் வாய்ப்பு அதிகம். இன்றைய செல்போனிலும் இதே கதைதான். ராத்திரி குழல் விளக்கில் எடுத்த படம் கலங்கித் தெரிவதற்கும், காலையில் வாசலில் எடுத்த படம் பளிச்சென்று இருப்பதற்கும் இதுவே காரணம்.

இதையெல்லாம் கெய்ட்டாவுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஒரு ரோலில் எட்டே படம். பிலிமுக்குக் காசு, கழுவுவதற்குக் காசு. அதனால் ஒவ்வொரு படமும் கெட்டுப் போகும்போது "ஏன் கெட்டது?" என்று யோசித்தே தீர வேண்டும். எட்டுப் படம்தான் அவருக்கு வாத்தியார்.

கேட்டுக் கேட்டுக் கற்றது

தானாகக் கற்றுக்கொண்டவர் என்றால் யாரிடமும் கேட்காதவர் என்று அர்த்தம் இல்லை. பமாக்கோவில் ஒரு பிரெஞ்சுக்காரர் போட்டோ சாமான் கடை வைத்திருந்தார். கெய்ட்டா அங்கே பிலிம் கழுவக் கொடுக்கப் போவார், நடப்பதைப் பார்ப்பார். அதே ஊரில் மவுன்டாகா என்ற மூத்த புகைப்படக்காரர் இருந்தார். பிலிமைக் கழுவவும் பிரிண்ட் போடவும் அவரிடம்தான் கெய்ட்டா தெரிந்துகொண்டார். சொந்தமாக இருட்டறை இல்லாத காலத்தில் மவுன்டாகாவின் இருட்டறையைத்தான் பயன்படுத்தினார்.

இருட்டறை என்றால் என்ன என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பிலிம் மேல் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் இருட்டான அறையில் வைத்து அதை மருந்துத் தண்ணீரில் முக்குவார்கள். முதல் மருந்தில் படம் வெளிவரும். அடுத்த மருந்தில் அது அழியாமல் நிலைக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயப் போடுவார்கள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரிகிற இதற்குத்தான் நெகட்டிவ் என்று பெயர். அதிலிருந்து காகிதத்தில் எடுப்பது பிரிண்ட். சாயத் தொழில் தெரிந்த நம் உறுப்பினர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மருந்தின் அளவும் நேரமும் தப்பினால் சரக்கு வீண்.

இத்தனைக்கும் நடுவில் கெய்ட்டா தச்சு வேலையை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். மரவேலையும் செய்தார், படமும் எடுத்தார். 1935-இல் பெட்டிக் கேமரா கைக்கு வந்தது. 1948-இல்தான் சொந்த ஸ்டுடியோ திறந்தார். நடுவில் 13 வருடம். ஆர்வம் தொழிலாகக் கனிய அத்தனை காலம் ஆனது.

கட்டில் விரிப்பே திரைச்சீலை

ஸ்டுடியோ என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். பமாக்கோவில் குடும்பத்துக்குச் சொந்தமான இடத்தில், சிறைச்சாலைக்குப் பக்கத்தில் அமைந்தது. பெரும்பாலும் முற்றத்து வெயில் வெளிச்சத்திலேயே ஆட்களை நிறுத்தி எடுத்தார். பின்னால் கட்டுவதற்குத் திரைச்சீலை வேண்டுமே? தன் கட்டிலில் கிடந்த, ஓரத்தில் குஞ்சம் வைத்த விரிப்பை எடுத்துக் கட்டினார். அந்தத் துணிதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை துணியை மாற்றுவார். பின்னால் இருக்கும் துணியைப் பார்த்தே எந்த வருடம் எடுத்த படம் என்று பிறகு அவரால் சொல்ல முடிந்தது.

பெரிய கேமராவில் 13-க்கு 18 சென்டிமீட்டர் அளவு பிலிம் போடுவார். பிலிமைக் காகிதத்தின் மேல் அப்படியே வைத்து அதே அளவில் பிரிண்ட் எடுப்பார். படத்தைப் பெரிதாக்கும் கருவி தேவைப்படவில்லை, அந்தச் செலவும் மிச்சம். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான் விசையைத் தட்டுவார். எட்டுப் படத்தில் பழகிய கையல்லவா, ஒன்றே போதும்.

வருகிறவர்களை எப்படி நிறுத்துவது, எப்படி உட்கார வைப்பது, சேலை போன்ற அந்த நீள அங்கியை எப்படி விரித்துவிடுவது, கை எங்கே இருந்தால் நகை தெரியும் என்பதையெல்லாம் பொறுமையாகப் பார்ப்பார். கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ, பூ, ஸ்கூட்டர் எல்லாம் ஸ்டுடியோவில் இருக்கும். வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சாதாரண நாளில் உழைத்துக் களைத்த மக்கள் அவர் முன்னால் வந்து நின்றால் ராஜா ராணி போலத் தெரிந்தார்கள். அந்தப் படங்களைத் தூரத்துச் சொந்தக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பி வைப்பார்கள். ரயிலில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள்.

பெயர் இல்லாமல் போன படம்

நாடு விடுதலையான பிறகு 1962 வாக்கில் அவரை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. ஸ்டுடியோ மூடப்பட்டது. 1977-இல் ஓய்வு பெற்றார். ஆனால் ஒரு காரியத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களைத் தூக்கிப் போடாமல் பெட்டிகளில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

1991-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. அதில் பமாக்கோவில் எடுத்த சில படங்கள் இருந்தன. கீழே எடுத்தவர் பெயர் இல்லை. 'பெயர் தெரியாத புகைப்படக்காரர்' என்று போட்டிருந்தார்கள். படத்தைப் பார்த்து வியந்த ஒரு சேகரிப்பாளர் மாலிக்கு ஆள் அனுப்பித் தேடச் சொன்னார். தேடிப் போனவர் கண்டுபிடித்தது எழுபது வயதான கெய்ட்டாவை. 1994-இல் பாரீஸ் நகரத்தில் அவர் பெயரிலேயே தனிக் கண்காட்சி நடந்தது. 2001-இல் அவர் காலமானார். பள்ளிக்கூடம் போகாத அந்தத் தச்சரை இன்று ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவராக உலகம் மதிக்கிறது.

பெயர் விஷயத்தில் நம் நாட்டுப் பெண் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 13 வயதில் மானெக்‌ஷாவைச் சந்தித்தார். பிற்காலத்தில் அவரையே மணந்தார், கேமராவையும் அவரிடமே கற்றார். பம்பாயில் பத்திரிகைக்குக் கொடுத்த முதல் படங்களுக்குக் கிடைத்தது படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாயின. உழைப்பு அவருடையது, பெயர் வேறொருவருடையது! ஆனாலும் அவர் கேமராவைக் கீழே வைக்கவில்லை. 1947-இல் நாடு விடுதலை பெற்ற நாட்களைப் படமெடுத்தார். 2011-இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். அடுத்த வருடம் காலமானார்.

நமக்கு இது புதிதா? வயலில் வேலை நம்முடையது, பட்டா வேறு பெயரில். மாட்டைப் பார்ப்பது நாம், பால் பணம் வேறு கையில். நம் பெயரில் கணக்கு, நம் பெயரில் பாஸ்புக் என்று குழு வந்த பிறகுதானே கேட்டு வாங்கினோம்? மகள் எடுக்கிற படத்துக்கும் அதே நியாயம் வேண்டும். யார் எடுத்தது, எங்கே, எந்த நாளில் என்று எழுதி வைக்கிற பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துங்கள்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

கெய்ட்டாவுக்கு அவர் குடும்பம் என்ன கொடுத்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சித்தப்பா ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார். தெரிந்த பெரியவர் ஒருவர் தன் இருட்டறையைத் திறந்துவிட்டார். பின்னால் குடும்பம் இடம் கொடுத்தது. ஊரார் நம்பி வந்து நின்றார்கள். நாமும் இந்த வரிசையில் போகலாம்.

முதலில், எட்டுப் படக் கணக்கு. இருக்கிற செல்போனே போதும். ஒரு நாளைக்கு எட்டே படம் எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "இதை ஏன் எடுத்தே? இதுல எது நல்லா வந்திருக்கு? இது ஏன் கெட்டுச்சு?" என்று கேளுங்கள. மூன்று மாதம் விடாமல் செய்தால் அது ஆர்வம். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டால் அது ஆசை. ஆசை வருவதும் போவதும் தப்பில்லை, பிள்ளை வயது அது. கடன் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொண்டால் போதும்.

அடுத்தது வெளிச்சம். காலையிலும் சாயங்காலமும் வெயில் சாய்வாக விழும்போது முகம் நன்றாக வரும். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போகும். வீட்டுக்குள் எடுத்தால் வாசலையோ ஜன்னலையோ பார்த்து உட்கார வைக்க வேண்டும், முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டுவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் கை ஆடாது. எடுப்பதற்கு முன்னால் போனின் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடிதான் பாதிப் படத்தைக் கெடுக்கிறது.

மூன்றாவது, வேலை கொடுங்கள். நம் குழுக்கள் ஊறுகாய், மசாலாப் பொடி, பாய், கூடை, நைட்டி எல்லாம் செய்கின்றன. அந்தப் பிள்ளையையே படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் கட்ட வெளுத்த சேலையோ கட்டில் விரிப்போ போதும், கெய்ட்டாவுக்கு அதுதானே இருந்தது! குழுவுக்கு நல்ல படம் கிடைக்கும், பிள்ளைக்குக் கை பழகும். சின்னத் தொகையாவது கூலியாகக் கொடுத்து நோட்டில் எழுதுங்கள். தன் கைத்திறமைக்கு வந்த முதல் காசு என்பது பெரிய பாடம்.

நான்காவது, கேட்டுப் பழகும் இடம். பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர் நல்லவர் என்று தெரிந்தால், லீவு நாளில் போய்ப் பார்த்துக் கற்கலாமா என்று பெற்றவர்களே நேரில் போய்க் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் முதலில் யாராவது கூடப் போங்கள். பள்ளிப் படிப்பு நிற்கக் கூடாது. 18 வயது முடிந்த பிறகு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தை அணுகலாம். வங்கிகள் மாவட்ட அளவில் நடத்தும் இந்த நிறுவனங்களில் போட்டோ, வீடியோ எடுக்கும் பயிற்சியும் உண்டு. கட்டணம் கிடையாது. உங்கள் மாவட்டத்தில் அடுத்து எப்போது நடக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, அனுமதி. யாரையும் கேட்காமல் எடுக்கக் கூடாது, எடுத்ததைக் கேட்காமல் மற்றவர்களுக்கு அனுப்பக் கூடாது. குளிக்கிற இடம், துணி மாற்றுகிற இடம், சாவு வீடு, சண்டை நடக்கிற இடம் ஆகியவற்றில் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. முன்பின் தெரியாதவர்கள் போனில் "உன் படத்தை அனுப்பு" என்றால் அனுப்பக் கூடாது. யாராவது மிரட்டினால் பயப்படாமல் அம்மாவிடம் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம். சொன்னால் அடி விழும் என்ற பயம் இருந்தால் பிள்ளை சொல்லாது. அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

கடன் எப்போது?

இவ்வளவும் நடந்து, வெளியாட்கள் காசு கொடுத்துக் கூப்பிட ஆரம்பித்த பிறகு கேமராவைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். உதாரணத்துக்கு 40,000 ரூபாய் கடன், மாதம் 100-க்கு 1 ரூபாய் வட்டி, 20 தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அசல் 2,000, வட்டி 400, ஆக 2,400 கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். 20 மாதத்தில் வட்டி மட்டும் மொத்தம் 4,200 ரூபாய். மாதத்தில் ஒரு வளைகாப்போ காதுகுத்தோ வந்தால் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? ஆடியிலும் மார்கழியிலும் விசேஷம் குறைவாயிற்றே, அந்த மாதம் எதிலிருந்து கட்டுவது? இந்த இரண்டு கேள்விக்கும் பிள்ளையே பதில் சொல்லட்டும். புதிதுதான் வேண்டும் என்பதும் இல்லை, நம்பிக்கையான இடத்தில் பழைய கேமரா கிடைத்தால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வாங்கலாம். கெய்ட்டா காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் செலவு இருந்தது. இன்று அது இல்லை என்பதால் 13 வருடம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கை பழகுவதற்கு முன்னால் கடன் வர வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழு வீடுகளில் படம் எடுப்பதிலோ, வரைவதிலோ, தைப்பதிலோ ஆர்வமாக இருக்கிற பிள்ளைகள் யார் யார்? பெண் பிள்ளைகளின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.

2. நம் குழுப் பொருட்களைப் படம் எடுக்க இவர்களில் யாரிடம் கொடுக்கலாம்? கூலி எவ்வளவு?

3. நம் குழு ஆரம்பித்த நாளிலிருந்து எடுத்த படங்கள் யாரிடம் இருக்கின்றன? அதில் இருக்கும் அக்காமார் பெயர்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே படத்துக்குப் பின்னால் எழுதி வைக்கலாமா?

மூன்றாவது வேலையை எட்டுப் படம் எடுக்கிற பிள்ளையிடமே ஒப்படையுங்கள். பழைய படங்களோடு வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு எழுதி வரட்டும்.